கல்லிலிருந்து ஏட்டுக்கு: யூத சமயம் – ஓர் அறிமுகம்

(நமது இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. பத்தாம் ஆண்டு மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பெற்றது.)



உலகச் சமயங்கள் என்னும் வரிசையில் யூத சமயத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது முதலில் தயங்கினேன். நான் அச்சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். எபிரேய மொழி அறியேன். ஆங்கில நூல்களின் வழியாகவும் நம் தமிழ் விவிலியத்தின் வழியாகவும் எட்ட நின்று பார்த்தவன். ஆயினும் ஒரு காரணம் பற்றி ஒப்புக்கொண்டேன். உலகின் பெரும்பாலான சமயங்கள் கோயிலால் வாழ்கின்றன. அல்லது அரசால் வாழ்கின்றன. இவ்விரண்டையும் இழந்த பின்னரும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு சமயம் ஏட்டை மட்டுமே பற்றிக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. எழுத்தையே தொழிலாகவும் தவமாகவும் கொண்ட இவ்வவைக்கு அச்செய்தி அயலானது அன்று என்று எண்ணினேன்.

இன்று உலகில் யூதர்களின் தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். நம் சென்னைப் பெருநகரத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அது எத்துணைச் சிறிய கூட்டம் என்பது விளங்கும். இச்சிறு கூட்டத்தின் நூல்களிலிருந்தே கிறித்துவமும் இசுலாமும் தம் மூதாதையரின் கதைகளைப் பெற்றன. ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் நமக்குப் புதியவர்கள் அல்லர். ஆகவே அக்கதைகளை மீண்டும் சொல்லி உங்கள் பொழுதைக் கவர்வது என் நோக்கம் அன்று.

ஆனால் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் 'பழைய ஏற்பாடு' என்று வழங்குவதை யூதர் அவ்வாறு வழங்குவதில்லை. பழையது என்றால் புதியது ஒன்று வந்து அதன் இடத்தைக் கொண்டது என்று பொருளாகிவிடும் அன்றோ? அவர்கள் அதனைத் 'தனாக்' என்பர். தோரா என்னும் மோசேயின் ஐந்நூல்கள், நெவியீம் என்னும் இறைவாக்கினர் நூல்கள், கெத்துவீம் என்னும் ஏனைய எழுத்துகள் ஆகிய மூன்றன் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான பெயர் அது. நூல்கள் பெரும்பாலும் அவையே. வரிசைதான் வேறு. கிறித்துவப் பதிப்பு மல்கியா என்னும் இறைவாக்கினரோடு முடிந்து, வரப்போகும் ஒருவரை எதிர்நோக்கி நிற்கிறது. யூதரின் தனாக்கோ நாளாகமத்தில் முடிகிறது. அதன் இறுதிச் செய்தி என்ன தெரியுமா? பாபிலோனில் சிறையிருந்தவர்கள் தம் ஊருக்குத் திரும்பலாம் என்று பாரசீக மன்னன் சைரஸ் விடுத்த ஆணை. ஒரே நூலடக்கம் வரிசையால் இருவேறு காவியங்களாகி விடுகிறது. தொகைநூல் தொகுத்துப் பழகிய நம் நண்பர்களுக்கு இதன் நுட்பத்தை நான் விளக்க வேண்டுவதில்லை.

இனி வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். சாலமோன் எருசலேமில் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆலயத்தைக் கி.மு. 586இல் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார் அழித்தான். மக்களுள் பலரைச் சிறைகொண்டு போனான். கி.மு. 538 அளவில் சைரஸின் ஆணை பெற்றுத் திரும்பியவர்கள் இரண்டாம் ஆலயத்தைக் கட்டினர். அதனைக் கி.பி. 70இல் உரோமைத் தளபதி தீத்து எரித்தான். ஆலயத்தின் ஏழு கிளை விளக்கைப் படைவீரர்கள் கொள்ளைப் பொருளாகச் சுமந்து செல்லும் காட்சி, உரோமை நகரில் அவன் பெயரால் நிற்கும் வளைவில் இன்றும் புடைப்புச் சிற்பமாகக் காணப்படுகிறது.

அதுவரை அச்சமயம் பெரிதும் பலியின் சமயமாக இருந்தது. ஆடும் மாடும் தானியமும் எருசலேமின் ஒரே பீடத்தில் படைக்கப்பட்டன. அதற்கெனப் பிறந்த குருக்கள் குலம் இருந்தது. பீடம் போயிற்று, குருவுக்கு வேலை போயிற்று. வேறு எச்சமயமாயினும் அத்தோடு முடிந்திருக்கும். முடியாமற்போனதற்குத் தால்முத் ஒரு கதை சொல்கிறது.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த காலம். நகரை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று போர்வெறியர் வாயிலைக் காத்து நின்றனர். முதுபெரும் ஆசிரியராகிய யோகனான் பென் சக்காய் இறந்துவிட்டார் என்று அறிவிக்கப்பட்டது. எலியேசர், யோசுவா என்னும் இரு மாணவர்கள் அவரைப் பிணம்போல் சுமந்து வாயிலைக் கடந்தனர். வெளியே வந்து எழுந்த ஆசிரியர், உரோமைத் தளபதி வெஸ்பாசியனைச் சந்தித்து, நீர் பேரரசர் ஆவீர் என்றார். அது பலித்தது. மகிழ்ந்த பேரரசன் வேண்டுவது கேள் என்றான். ஆசிரியர் ஆலயத்தைக் கேட்கவில்லை, நகரைக் கேட்கவில்லை. கடற்கரைக்கு அருகிலுள்ள யவ்னே என்னும் சிற்றூரையும் அங்குள்ள கற்றோரையும் தமக்கு விட்டுவிடுமாறு கேட்டார்.

இது வரலாறா, புனைவா என்று அறிஞர் வாதிடுவர். புனைவே எனினும், தம்மைப் பற்றித் தாமே இவ்வாறு கதை சொல்லிக்கொண்ட மக்களின் மனம் அதில் தெரிகிறது. அவரை ஏன் நகரையே கேட்கவில்லை என்று பின்வந்தோர் குறைகூறியதையும் தால்முத் மறைக்காமல் அக்கதையோடு சேர்த்தே பதிந்துவைத்திருக்கிறது.

யவ்னேயிலும் பின்னர்க் கலிலேயாவிலும் நிகழ்ந்த வாதங்களை ஏறத்தாழக் கி.பி. 200இல் யெகூதா என்னும் தலைவர் தொகுத்தார். அதுவே மிஷ்னா. ஆறு பெரும்பிரிவுகள், 63 நூற்கூறுகள். அதன்மேல் பாபிலோனியக் கல்விக்கூடங்களில் மேலும் முந்நூறு ஆண்டுகளாக நடந்த வாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்தது தால்முத். வழக்கிலுள்ள பதிப்பில் அது 2,711 தாள்களில் அடங்கும். வேளாண்மை, திருமணம், கடன், வழிபாடு, களவு, கனவு, மருந்து எனத் தொடாத பொருள் இல்லை.

அதன் பக்கத்தை நீங்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். நடுவில் மூலம். ஒரு புறம் பிரான்சின் திராயே நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்த ராஷி என்பாரின் உரை. மறுபுறம் ராஷியின் பேரர்களும் அவர்தம் மாணவர்களும் எழுதிய உரை. அது பல இடங்களில் பாட்டனாரையே மறுக்கிறது. ஓரங்களில் இன்னும் பல நூற்றாண்டுகளின் குறிப்புகள். 1520களில் வெனிசு நகரில் பொம்பெர்க் என்னும் கிறித்துவ அச்சகத்தார் வகுத்த இவ்வமைப்பே இன்றுவரை மாறவில்லை. ஒரே பக்கத்தில் ஆயிரம் ஆண்டுகள் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே தாளில் எதிரெதிரே அமர்ந்து வழக்காடுவதாக எண்ணிப் பாருங்கள். தால்முத்தின் நூற்கூறுகள் பெரும்பாலும் இரண்டாம் தாளில் தொடங்குகின்றன. ஒன்றாம் தாள் இல்லை. முகப்புத் தாளை ஒன்றெனக் கொண்டதே காரணம் என்று அச்சுக்கலை அறிந்தோர் கூறுவர். எவ்வளவு கற்றாலும் முதல் பக்கத்தை நீ இன்னும் எட்டவில்லை என்பதே பொருள் என்று ஆசிரியர்கள் மாணவர்க்குக் கூறுவர். எனக்கு இரண்டும் பிடித்திருக்கிறது.

1923 முதல் நாளுக்கு ஒரு தாள் என உலகெங்கும் ஒரே தாளை ஒரே நாளில் படிக்கும் வழக்கமும் உண்டு. முழுவதும் முடிய ஏழரை ஆண்டு ஆகும். பதின்மூன்றாம் சுற்று 2020 சனவரியில் நிறைவெய்தி மறுநாளே அடுத்த சுற்று தொடங்கிற்று.

தால்முத்திலிருந்து ஒரே ஒரு வாதத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியரைச் சுமந்து வந்த அதே எலியேசரும் யோசுவாவும் முதிர்ந்த ஆசிரியர்களான பின்னர் நிகழ்ந்தது. பொருள் மிக எளியது. துண்டு துண்டாக அறுத்து, இடையிடையே மணல் இட்டு அடுக்கிய ஓர் அடுப்பு தீட்டுப்படுமா, படாதா? படாது என்றார் எலியேசர். படும் என்றனர் ஏனையோர் அனைவரும். எலியேசர் எல்லா விடைகளையும் சொன்னார், அவர்கள் ஏற்கவில்லை. என் பக்கம் நியாயம் உண்டெனில் இம்மரம் சாட்சி சொல்லட்டும் என்றார். மரம் வேரோடு பெயர்ந்து நூறு முழம் நகர்ந்தது. மரத்தைக் கொண்டு சட்டம் நிறுவ முடியாது என்றனர். வாய்க்கால் நீர் எதிர்த்து ஓடிற்று. அதையும் ஏற்கவில்லை. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாயத் தொடங்கின. கற்றவர்கள் வாதிடும்போது உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று யோசுவா சுவர்களை அதட்டினார். யோசுவாவை மதித்து அவை விழவில்லை, எலியேசரை மதித்து நிமிரவும் இல்லை, சாய்ந்தபடியே நின்றன. இறுதியில் வானிலிருந்தே ஒரு குரல் எழுந்து எலியேசர் சொல்வதே சரி என்றது. யோசுவா எழுந்து நின்று, தோரா இப்போது வானத்தில் இல்லை, எங்கள் கையில் தரப்பட்டுவிட்டது, இங்கே பெரும்பான்மையே முடிவு என்றார். அந்நேரம் இறைவன் என்ன செய்தான் என்று பின்னாளில் ஒருவர் எலியா தீர்க்கரைக் கேட்டாராம். தன் பிள்ளைகள் தன்னை வென்றுவிட்டதாகச் சொல்லிச் சிரித்தான் என்று விடை வந்தது.

உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். நக்கீரர் நினைவுக்கு வந்துவிட்டார் என்று தெரிகிறது! எனக்கும் வந்தார். நம் திருவிளையாடலில் புலவன் இறைவனோடு வாதிட்டு, நெற்றிக்கண்ணின் வெப்பம் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்கிறான். அங்கே இறைவன் தோற்றுச் சிரிக்கிறான். இவ்வளவோடு நிறுத்திக் கைதட்டல் வாங்கிக்கொள்ளலாம். மேடைகளில் பெரும்பாலும் இவ்வளவோடுதான் நிறுத்துகிறார்கள். ஆனால் தால்முத் நிறுத்தவில்லை.

அன்றே எலியேசர் தூயவை என்று தீர்ப்பளித்திருந்த பொருள்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தனர். அவரைச் சபையிலிருந்து விலக்க முடிவு செய்தனர். யார் போய்ச் சொல்வது? தகாதவன் ஒருவன் சொல்லி உலகமே அழிந்துவிடக்கூடாது, நான் போகிறேன் என்றார் மாணவர் அக்கிவா. கறுப்புடை உடுத்துச் சென்று நான்கு முழம் தள்ளி அமர்ந்தார். இன்றைக்கு என்ன புதுமை என்று முதியவர் கேட்டார். தோழர்கள் உங்களை விட்டு விலகி நிற்பதுபோல் எனக்குத் தோன்றுகிறது என்றார் அக்கிவா. அவ்வளவுதான் சொன்னார். எலியேசர் ஆடையைக் கிழித்துக்கொண்டு, காலணியைக் கழற்றி, தரையில் அமர்ந்து கண்ணீர் விட்டார். அவ்வாண்டு ஒலிவத்தில் மூன்றில் ஒரு பங்கும் கோதுமையில் ஒரு பங்கும் வாற்கோதுமையில் ஒரு பங்கும் கெட்டன என்கிறது நூல்.

எலியேசரின் மனைவி, அவரை விலக்கிய தலைவரின் உடன்பிறந்தாள். கணவர் நெஞ்சம் நொந்து முகங்குப்புற விழுந்து வேண்டினால் தன் அண்ணன் பிழைக்கமாட்டான் என்று அஞ்சி அந்நாள் முதல் அவரை விழவிடாமல் காத்து வந்தாள். ஒரு நாள், வாயிலுக்கு வந்த ஓர் ஏழைக்கு உணவிட எழுந்து போனாள் என்று ஒரு பாடம். திரும்பி வந்தபோது அவர் தரையில் விழுந்திருந்தார். எழுந்திரும், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர் என்றாள். அதற்குள் ஊரில் சாவுக் கொம்பு ஒலித்தது. எப்படி அறிந்தாய் என்று அவர் கேட்டார். வானத்தின் கதவுகள் எல்லாம் அடைக்கப்பட்டாலும் மனம் புண்பட்டவரின் கதவு அடைபடாது என்பது எங்கள் பாட்டனார் வீட்டில் வழிவந்த சொல் என்றாள்.

அன்பர்களே, இக்கதை அடுப்பு பற்றிய இயலில் வரவில்லை. சொல்லால் பிறரைப் புண்படுத்துதல் என்னும் குற்றத்தைப் பற்றிய இயலில் வருகிறது. பெரும்பான்மையின் முடிவு சரி என்றும் சொல்கிறார்கள். அம்முடிவைச் செயற்படுத்திய முறையால் ஒரு முதியவரின் நெஞ்சை உடைத்தோம் என்றும் எழுதிவைக்கிறார்கள். தோற்ற எலியேசரின் கருத்துகளையும் மிஷ்னா நெடுகப் பெயர் சொல்லிப் பாதுகாத்திருக்கிறது. இல்லெல், சம்மாய் என்னும் இரு பள்ளிகளுள் இல்லெல் பள்ளியின் தீர்ப்புகள் நிலைபெற்றதற்கு அவர்கள் சொல்லும் காரணமும் இதனைச் சார்ந்ததே. இல்லெலின் மாணவர்கள் பணிவுடையவர்கள்; எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தம் கருத்தைச் சொல்வார்களாம்.

நம்பிக்கைகளைப் பற்றிக் கேட்பீர்கள். இறைவன் ஒருவன், உருவற்றவன், ஆபிரகாமோடும் பின்னர்ச் சீனாய் மலையில் மக்கள் அனைவரோடும் உடன்படிக்கை செய்துகொண்டவன். அவன் பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்படும், வாயால் உச்சரிக்கப்படாது. படிக்கும்போது அவ்விடத்தில் 'ஆண்டவர்' என்னும் பொருளுடைய வேறு சொல்லைச் சொல்வர். பேச்சில் 'அந்தப் பெயர்' என்றே குறிப்பர். இறைவன் ஒருவனே என்னும் அறிக்கையைக் காலையும் இரவும் கண்ணை மூடிச் சொல்வர். இறக்கும்போதும் அதுவே கடைசிச் சொல்லாக இருக்க விரும்புவர். உரோமையர் கொடுமைப்படுத்திக் கொன்றபோது அச்சொல்லோடு உயிர் பிரிந்தவர் என்று நாம் முன்னர்க் கண்ட அக்கிவாவைப் போற்றுவர்.

கொள்கைகளை எண்ணி வரிசைப்படுத்தியவர், 1138இல் கொர்தோபாவில் பிறந்து 1204இல் எகிப்தில் மறைந்த மைமோனிடிஸ் என்னும் மருத்துவர். பதின்மூன்று என்றார் அவர். மூன்று போதும் என்றார் பின்வந்த யோசேப்பு ஆல்போ. இவ்வேறுபாடு அங்கே பெரும்பிளவை உண்டாக்கவில்லை. ஏனெனில் அச்சமயம் எதை நம்புகிறாய் என்பதைக் காட்டிலும் என்ன செய்கிறாய் என்பதையே மிகுதியாகக் கேட்கிறது. கட்டளைகள் 613 என்பது மரபு; செய்க என்பன 248, செய்யற்க என்பன 365. பிறரைத் தம் சமயத்துக்கு இழுக்கும் முயற்சி பெரும்பாலும் இல்லை.

செயல்களுள் தலையாயது ஓய்வுநாள். வெள்ளி மாலைக் கதிரவன் மறையும் முன்னர் வீட்டுப் பெண் விளக்கேற்றுவாள். திராட்சை இரசத்தின்மேல் வாழ்த்துச் சொல்லி, பின்னிச் சுட்ட இரு ரொட்டிகளைப் பகிர்ந்து உண்பர். சனி இரவு மூன்று விண்மீன்கள் தோன்றும் வரை உழைப்பு இல்லை. உழைப்பு என்றால் என்ன? மிஷ்னா 39 வகைகளைக் கூறுகிறது. உழுதல், விதைத்தல், நெய்தல், தீமூட்டல் என்று போகும் அவ்வரிசையில் கவிஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இரண்டு எழுத்துகளை எழுதுதல். ஓர் எழுத்து எழுதினால் முழுக்குற்றம் ஆகாதாம். இரண்டு எழுதினால் சொல் பிறந்துவிடுகிறது. இரண்டு எழுத்து எழுதும்பொருட்டு அழித்தலும் தனி ஒரு வகை. வாரத்தில் ஒரு நாள் எழுதலாகாது என்று சொல்லும் சமயம், எழுதுவதும் அழிப்பதும் படைப்புத் தொழிலே என்று சட்டத்தின் வாயிலாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது! ஓய்வுநாளை, காலத்தில் கட்டப்பட்ட மாளிகையாகக் கண்டு ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951இல் எழுதிய சிறுநூலை வாய்ப்புள்ளோர் படிக்க வேண்டும்.

ஏனைய வழக்கங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். பதின்மூன்று வயதில் மறை வாசிக்கும் உரிமை. திருமணத்தின் மகிழ்ச்சி நடுவே மணமகன் கண்ணாடிக் குவளை ஒன்றைக் காலால் உடைப்பான். அழிந்த ஆலயத்தின் நினைவு என்பர். ஆண்டுக்கு ஒருமுறை பாவக்கழுவாய் நாளில் ஏறத்தாழ 25 மணி நேரம் நீரும் அருந்தாத நோன்பு. ஆனால் மனிதனுக்கு இழைத்த தீங்கை அந்நோன்பு போக்காது. அம்மனிதனிடமே சென்று மன்னிப்புப் பெற வேண்டும். இறந்தோர்க்காகச் சொல்லும் கத்தீஷ் என்னும் வேண்டுதலில் சாவு என்னும் சொல்லே இல்லை. இறைவனின் புகழ் மட்டுமே உண்டு. அதையும் தனியே சொல்ல இயலாது. பத்துப் பேர் கூடி நிற்க வேண்டும். துயருற்றவனைத் தனியே விடாத ஏற்பாடு.

பஸ்கா இரவில் வீட்டின் கடைசிக் குழந்தை கேள்வி கேட்கும்: இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதை விடையாகச் சொல்லப்படும். புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் உண்பர். எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது, குவளையிலிருந்து ஒவ்வொரு துளி இரசத்தைச் சிந்துவர். பகைவனின் துன்பத்தில் நம் குவளை நிறைந்திருக்கலாகாது என்று அதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு.

எருசலேம் வீழ்ந்ததை நினைக்கும் நாளில் தரையில் அமர்ந்து புலம்பல் நூலை ஓதுவர். ஐந்து பாடல்கள் கொண்டது அந்நூல். முதல் நான்கும் எபிரேயத்தின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. ஊர் எரிந்து, குழந்தைகள் பட்டினியால் மடிந்த கொடுமையைப் பாட வந்த புலவன், அகரவரிசையைப் பற்றிக்கொண்டு பாடுகிறான். ஆத்திசூடி நமக்கு அவ்வரிசையை அறிவுரைக்குக் கற்பித்தது. அங்கே அது அழுகைக்கு ஆகியிருக்கிறது. ஐந்தாம் பாடலில் 22 அடிகள் உண்டு. எழுத்து வரிசை மட்டும் குலைந்துபோகிறது. ஏன் என்று நான் சொல்லமாட்டேன்; நீங்கள் கவிஞர்கள்.

எழுத்தின்மேல் அவர்கள் கொண்ட மதிப்பு இவ்வளவில் நிற்கவில்லை. ஜெபஆலயத்தில் ஓதப்படும் தோராச் சுருள் தோலில் கையால் எழுதப்படுவது. அதன் எழுத்துகள் 304,805. ஓர் எழுத்துக் குறைந்தாலும் திருத்தும்வரை அச்சுருளை ஓதப் பயன்படுத்தலாகாது. இறைவன் பெயர் எழுதிய தாளைக் கிழித்தெறியலாகாது என்பதால் பழுதுபட்டவற்றை ஓர் அறையில் இட்டுவைத்துப் பின்னர்ப் புதைப்பர். அவ்வறைக்குக் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபஆலயத்தில் அவ்வாறு இட்டவை புதைக்கப்படாமல் பல நூற்றாண்டுகளாகக் குவிந்து கிடந்தன. 1896–97இல் சாலமோன் செக்டர் என்னும் அறிஞர் அங்குச் சென்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்களைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். சமய நூல்களோடு கடன்சீட்டும் திருமண ஒப்பந்தமும் மலபார்க் கரை வணிகர்க்கு வந்த கடிதங்களும் அவற்றுள் இருந்தன.

ஒரு கவிதையும் இருந்தது. பத்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் எபிரேயக் கவிதைக்கு அரபு யாப்பைக் கொண்டுவந்த தூனாஷ் பென் லப்ராத் பெரும்புகழ் பெற்றவர். அவர் நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தபோது மனைவி எழுதிய சில அடிகள் அவை. கையில் ஒரே மகன். பிரியும் வேளையில் கணவன் தன் மோதிரத்தை அவள் கையில் இடுகிறான். அவள் தன் வளையை அவன் கையில் இடுகிறாள். நினைவுக்கென இருவரும் மேலாடையை மாற்றிக்கொள்கிறார்கள். எஸ்ரா பிளைஷர் என்னும் ஆய்வாளர் 1980களில் துண்டுத் தாள்களை ஒட்டிப் பார்த்து, எழுதியவள் தூனாஷின் மனைவி என்று கண்டறிந்தார். இடைக்கால எபிரேயத்தில் நாம் அறிந்த முதல் பெண்கவி அவளே. கணவனின் பெயர் எல்லா வரலாறுகளிலும் உண்டு. அவள் பெயர் கிடைக்கவில்லை.

ஏட்டைப் போற்றிய அம்மரபு ஏட்டைப் பெண்ணின் கையில் கொடுக்கத் தயங்கிற்று என்பதையும் சொல்லாமல் விடலாகாது. தால்முத்தின் கல்விக்கூடம் நெடுங்காலம் ஆண்களின் கூடமாகவே இருந்தது. 1935இல் செர்மனியில் ரெகினா யோனாஸ் முதல் பெண் ரபியாக அருள்பொழிவு பெற்றார். 1944இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். சீர்திருத்தப் பிரிவினர் 1972 முதல் பெண்களைத் தொடர்ந்து ரபிகளாக ஏற்று வருகின்றனர். பழமைப் பிரிவினர் பெரும்பாலும் இன்னும் ஏற்கவில்லை.

1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டதையும், கிழக்கு ஐரோப்பாவின் படுகொலைகளையும், நாத்சிகள் அறுபது இலட்சம் பேரைக் கொன்றதையும் நீங்கள் அறிவீர்கள். வார்சாவில் அடைக்கப்பட்ட குடியிருப்பில் இம்மானுவேல் ரிங்கல்ப்ளும் என்னும் வரலாற்றாசிரியர் தோழர்களோடு சேர்ந்து நாட்குறிப்பு, கவிதை, பங்கீட்டுச் சீட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை எனக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தகரப் பெட்டிகளிலும் பால் குடங்களிலும் இட்டுப் புதைத்தார். 1944இல் அவர் கொல்லப்பட்டார். 1946இலும் 1950இலும் தோண்டியபோது இரு பகுதிகள் கிடைத்தன. வில்னா நகரில் கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவர், நாத்சிகள் அழிக்கவிருந்த கையெழுத்துப் படிகளை உடைக்குள் மறைத்துக் கடத்திக் காத்தார். தால்முத்தை அச்சிட்ட புகழ்பெற்ற ரோம் அச்சகத்தின் ஈயத் தகடுகளை உருக்கிப் போராளிகள் குண்டு வார்த்ததாக அவர் பாடிய பாடல் உண்டு. அவ்வாறு நிகழவில்லை என்பர் வரலாற்றாசிரியர். ஏட்டைக் காத்தவனே ஏட்டை உருக்குவதாகக் கனவு காண நேர்ந்ததே, அது நிகழ்ந்தது.

இசுரேல் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று சிலர் நினைக்கலாம். சமயம் வேறு, அரசு வேறு. 1948இல் அவ்வரசு தோன்றியபோது ஏறத்தாழ ஏழு இலட்சம் பாலத்தீனர் வீடிழந்தனர். நம் மொழிபெயர்ப்புகளால் நமக்கு நெருங்கியவரான மகமூத் தர்வீஷின் சிற்றூரும் அப்போது அழிந்தது. 2023 அக்டோபர் முதல் அங்கே சிந்திய இரத்தத்தையும் கண்டோம். அரசை எதைக்கொண்டு அளப்பது என்பதற்கு அந்நூலிலேயே விடை உண்டு. தாவீது பிறன் மனைவியைக் கவர்ந்து அவள் கணவனைப் போரில் சாகவிட்டபோது, நாத்தான் என்னும் தீர்க்கர் அவன் முன் சென்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் ஒருவனின் கதையைச் சொன்னார். அக்கொடியவன் யார் என்று மன்னன் சினந்தான். நீதான் அவன் என்றார் தீர்க்கர். மன்னனைப் புகழ்ந்த பாடலோடு இக்கதையையும் தங்கள் மறையில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

நமக்கும் அவர்களுக்கும் நேர்த்தொடர்பு உண்டா என்று கூட்டத்திற்கு முன்னர் ஒரு நண்பர் கேட்டார். உண்டு. ஏறத்தாழக் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்து, ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் செப்பேடு வழங்கினான். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் முதலிய உரிமைகள் அதில் கூறப்படுகின்றன. வட்டெழுத்தில் அமைந்த அதன் மொழியைச் சற்று முயன்றால் நம்மாலும் படித்துப் பொருள்கொள்ள இயலும். கொச்சியின் பரதேசி ஜெபஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அச்சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர். 1950களில் பெரும்பாலோர் இசுரேல் சென்றபோது அக்குறிப்பேடுகளும் உடன் சென்றன.

மற்றொரு தொடர்பு இதனினும் பழையது. சாலமோனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு ஆகியவற்றோடு கொண்டுவந்ததாக இராஜாக்கள் நூல் கூறும் 'துக்கி' என்னும் பறவை மயில் என்பர். அச்சொல் நம் 'தோகை'யே என்று கால்டுவெல் முதலாக அறிஞர் பலர் கருதினர்; மறுப்பவரும் உண்டு. எபிரேயம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் எவருக்கும் தாய்மொழியாக இல்லாமல் ஏட்டில் மட்டும் வாழ்ந்தது. 1881இல் எருசலேம் வந்த எலியேசர் பென் யெகூதா, மறுவருடம் பிறந்த தம் மகனிடம் அம்மொழியிலன்றிப் பேசுவதில்லை என்று உறுதி பூண்டார். மீண்டும் பேச்சுமொழி ஆன எபிரேயத்தில் பழைய சொற்களுக்குப் புதுப்பொருள்கள் அமைந்தன. இன்று எருசலேமின் தெருவில் ஒரு குழந்தையிடம் துக்கி என்றால் அது மயிலை நினைக்காது; கிளியைத்தான் காட்டும்.